அவசரம் இல்லை என்று எழுதியவர்

ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளைத் தேடிப் போய் வலியைக் குறைப்பதுதான் எங்கள் தொண்டு நிறுவனத்தின் வேலை. ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு வேன், அதற்கொரு டிரைவர், நான். போனில் வரும் செய்திகளைப் படித்து, வேன் முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று சொல்வது என் பொறுப்பு. தினமும் அறுபது, எழுபது செய்திகள். கண் பூத்துப்போயிருந்தது.

அதனால்தான் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியை வாங்கினோம். செய்திகளைத் தானே படித்து ‘உடனே’, ‘இன்று’, ‘பிறகு’ என்று பிரித்துவிடும்.

பெரிய நர்ஸக்கா மட்டும் கேட்டார். “போன வருஷத்துச் செய்தியெல்லாம் குடுத்து, ஒழுங்கா பிரிக்குதான்னு பாத்துடலாமா?”

“அதுக்கு எங்கக்கா நேரம்? நேரம் இல்லாமத்தானே இதை வாங்கறோம்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. காலை ஒன்பதுக்கெல்லாம் வேன் கிளம்பியது. நான் டீயைச் சூடாகக் குடித்தேன். ‘பிறகு’ பட்டியலைத் திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஒரு வியாழக்கிழமை, பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லி ஒரு பெண் கூப்பிட்டாள். “அந்தம்மா காலைல போயிட்டாங்க. மூணு நாளா துடிச்சாங்க. நீங்க ஏன் வரவேயில்ல?”

அந்த வீட்டிலிருந்து திங்கட்கிழமை வந்த செய்தி ‘பிறகு’ பட்டியலில் பதினான்காவதாக இருந்தது. எழுதியவர் அந்தம்மாவின் கணவர், ஓய்வு பெற்ற நூலகர்.

“வணக்கம். அவசரம் ஒன்றும் இல்லை. மாத்திரை கொடுத்தும் மனைவி தூங்குவதில்லை. சத்தம் வராமல் இருக்கத் தலையணை உறையைக் கடித்துக்கொள்கிறாள். உங்களுக்கு ஒழியும்போது வந்தால் போதும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.”

மறுநாள் இன்னொன்று. “நினைவூட்டலுக்காக மட்டும்.” அதுவும் ‘பிறகு’தான். நான் படித்திருந்தால் தலையணை உறை என்ற இடத்திலேயே எழுந்திருப்பேன்.

அக்காவும் நானும் போனோம். நாங்கள் கொடுத்திருந்த கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அவர் உள்ளேயிருந்து இரண்டு நாற்காலி கொண்டுவந்து, துடைத்துப் போட்டார். நான் மறைக்கவில்லை. “உங்க செய்தியை மெஷின்தான் படிச்சுதுங்க ஐயா. நாங்க யாரும் படிக்கல.”

கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டார். பிறகு கேட்டார்: “நான் வேற எப்படி எழுதியிருந்தா வந்திருப்பீங்க?”

நான் அக்காவைப் பார்த்தேன்.

“கொஞ்சம் கடுமையா எழுதுங்கன்னு அவ சொன்னா. நான்தான், அவங்களுக்கு நம்மளப் போல எத்தனை பேரோ, அவசரப்படுத்தக் கூடாதுன்னு...” கண்ணாடியைக் கழற்றினார்.

“தப்பு உங்க மேல இல்லீங்க ஐயா. படிச்சிருக்க வேண்டியவ நான்” என்றேன். தலையாட்டினார். நம்பினதாகத் தெரியவில்லை.

மறுநாள் போன வருஷத்துச் செய்திகளைக் கொடுத்துப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்டு எழுதிய பதினோரு பேரை அது ‘பிறகு’வில் தள்ளியது. அந்தப் பதினோரு பேர் வீட்டுக்கும் நாங்கள் அன்றே போயிருந்தோம்.

டாக்டர் அதைத் தலைமுழுகிவிடலாம் என்றார். அக்கா ஒப்பவில்லை. “தூக்கிப் போட்டா இவ கண்ணு தேறிடுமா? எதை அதுகிட்ட குடுக்கலாம், எதைக் குடுக்கக் கூடாதுன்னு மொதல்ல பேசுவோம். அதை நாம பேசவே இல்ல.”

இரண்டு நாள் பேசினோம். மருந்து இருப்பு, வேன் போகும் வழி, டாக்டர் சொல்லச் சொல்ல எழுதும் அறிக்கை, இவை அதற்கு. அறிக்கையையும் ஒருவர் சரிபார்த்த பிறகே கோப்பில் சேர்ப்போம். நோயாளியின் பெயரும் வீட்டு எண்ணும் அதனிடம் போகாது; வழி பார்க்கத் தெருப் பெயர் மட்டும். வீட்டிலிருந்து வரும் செய்தியை மனுஷர்தான் படிக்க வேண்டும். அதற்காக ஓய்வு பெற்ற நர்ஸ்கள் இரண்டு பேர் காலையில் வந்து என்னோடு உட்காருகிறார்கள். எதை மெஷின் செய்கிறது என்பதை எல்லாக் குடும்பத்துக்கும் சொல்லிவிட்டோம்.

அடுத்த வாரம் கட்டிலை எடுக்க நானே வேனில் போனேன். நூலகர் விரிப்பைத் துவைத்து மடித்து வைத்திருந்தார். மாற்றியதையெல்லாம் சொன்னேன்.

“நல்லது. மத்தவங்களுக்கு உதவும்” என்றார்.

டிரைவரும் நானும் கட்டிலை வெளியே தூக்கினோம். அது இருந்த இடத்தில் அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “வர்றோங்க ஐயா” என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். வாசல் வரை வரவில்லை.