தனலெட்சுமியின் ஏற்புரை

பொன்னாடை போர்த்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே தனலெட்சுமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒருவரைக் கழற்றிவிட முடிவு செய்துவிட்டால்தான் இந்தக் கட்சியில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்துவார்கள். அதோடு அந்த ஆள் காலி.

நினைத்தபடியே ஆயிற்று. வேட்புமனு தாக்கலுக்கு முந்தின வாரம், கிள்ளான் மண்டபத்தில், தலைவர் கமலநாதன் பொன்னாடையைப் போர்த்தி, அவளைத் தொகுதியின் தாய் என்று உருகினார். இரண்டு தவணை சட்டமன்ற உறுப்பினர் அவள். தொகுதியிலிருக்கும் பண்டமாரானில் வெள்ளம் ஏறியபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆட்களைப் படகில் ஏற்றியவள். பள்ளி வாசலில் பறந்த துறைமுக லோரிகளை நடுரோட்டில் மறித்தவள். அதையெல்லாம் அவர் சொல்லவில்லை.

"நம்ம தனத்துக்கு இனிமே ரெஸ்ட் வேணும் லா" என்றார். கையோடு, தொகுதிக்கு வெளியே பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கறிஞராக இருக்கும் தன் அக்கா மகன் யுகேந்திரன்தான் புது வேட்பாளர் என்று அறிவித்தார். தனலெட்சுமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் பொன்னாடை போர்த்தினால் ஏற்புரைக்கு மைக் கொடுத்தே ஆகவேண்டும். அது வழக்கம். அதை மட்டும் நிறுத்தி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டு, நன்றி சொல்லி இறங்கிவிடுவாள் என்று நினைத்துவிட்டார்கள், பாவம்.

"ரெஸ்ட் எனக்கு வேணாம்" என்றாள். "இதே தொகுதியில நான் இன்டிபெண்டன்டா நிக்கிறேன்."

முன்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டு, பக்கத்தில் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கமலநாதன் அவள் காதோரம் வந்தார். "பார்ட்டிய விட்டே தூக்கிருவேன், தனம். கொடி இல்லாம ஒனக்கு எவன் ஓட்டுப் போடுவான்?"

அது சுருக்கென்று தைத்தது. இத்தனை வருஷமும் அந்தக் கொடியோடுதான் ஓட்டுக் கேட்டுப் படியேறியிருக்கிறாள். வெறுங்கையோடு போய் நின்றால் கதவு திறக்குமா என்று அவளுக்கே தெரியாது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதை இந்த மனிதரிடமா காட்டுவாள்?

மைக்கை விலக்காமலே பதில் சொன்னாள்.

"தெரியலண்ணே. கேட்டுத்தான் பாக்கணும். நாளைக்குக் காலையில பண்டமாரான்ல வீடு வீடா போறேன். ஒங்க அக்கா மகனும் வரட்டும். வழி தெரியாம நின்னா, அங்க யாரையாச்சும் கேக்கச் சொல்லுங்க. என்கிட்ட கூட்டிட்டு வந்து விட்ருவாங்க."