வெளியாள் பட்டியல்

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் அந்தச் சலவை ஆலையில் எல்லாருக்கும் ஒரு ஜோடி உண்டு. கல்யாண ஜோடி இல்லை, மடிப்பு ஜோடி. சூடான உருளைகளுக்கு நடுவே நுழைந்து விறைத்துக்கொண்டு வெளியே வரும் விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். ஷிப்டுக்கு எழுநூறு விரிப்பு. எழுநூறு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தாக வேண்டும். ஒத்துவராத ஆள் ஜோடியாக வாய்த்தால் எட்டு மணி நேரம் எண்பது மணி நேரமாகிவிடும்.

அந்த வகையில் கப்பல்காரர் கொடுத்து வைத்தவர். அவருடைய ஜோடி தங்கமான ஆள்.

கப்பல்காரர் என்று பேர்தானே தவிர, அவர் கப்பலைக் கண்ணால் பார்த்ததில்லை. மகன் எங்கே என்று யாரோ கேட்டபோது, கப்பலில் வேலை என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். பேர் ஒட்டிக்கொண்டது. மகன் வரும்போது வெளிநாட்டு சோப்பு வாங்கி வரச் சொல் என்று பாய்லர்காரர் இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். நாள் முழுக்க சோப்பு நெடியில் நிற்கிறவனுக்கு சோப்பு ஆசையைப் பார் என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். கப்பல்காரரும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே அடுத்த விரிப்பின் முனையைத் தேடுவார்.

மகன் சிறையில் இருந்தான். அடிதடியில் ஒருவனுக்குக் கண் போயிற்று. ஏழு வருஷம் போட்டார்கள். அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அவள் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவர் போனதில்லை. மகனைப் பார்க்கப் பிடிக்காமல் இல்லை. அந்த வாசலில் தன்னை யாராவது பார்த்துவிடுவார்களே என்ற பயம்.

அந்த பயத்துக்கும் காரணம் இருந்தது. ஆலைக்கு அவர் வெளியாளாக வந்தவர். மூட்டை குவிந்துபோன நாளில் மட்டும் வாசலில் நிற்பவர்களில் நாலு பேரை உள்ளே கூப்பிடுவார்கள். அவர்களுக்குப் பேர் வெளியாள். வெளியாளுக்குக் கையுறை கிடையாது, சாமான் வைக்கப் பெட்டி கிடையாது, சொந்தப் பேரும் கிடையாது. "ஏ வெளியாள், அதைத் தூக்கு" என்பார்கள். ஏதாவது காணாமல் போனால் முதலில் வெளியாளின் பையைத்தான் கொட்டிப் பார்ப்பார்கள். ஒன்பது வருஷம் அப்படி நின்று, பத்தாவது வருஷம் பூட்டு போட்ட இரும்புப் பெட்டி ஒன்று கிடைத்த அன்று, உள்ளே வைக்க ஒன்றும் இல்லாமலே அதைத் திறந்து திறந்து மூடினார். மகன் விஷயம் வெளியே வந்தால் திரும்பவும் பையைக் கொட்டுவார்கள் என்று நினைத்தார்.

ஜோடி வேறொரு ஆலையிலிருந்து வந்தவன். நாற்பது வயது இருக்கும். வந்த முதல் நாளே நிரந்தர வேலை, முதல் நாளே பெட்டி. வந்த வாரத்திலேயே அவன் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டான். கப்பல்காரருக்கு மூட்டைச் சீட்டைப் படிக்கத் தெரியாது. கட்டின கயிற்றின் நிறத்தை வைத்து எந்த ஓட்டல் என்று ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சீட்டை எடுத்து, தனக்குத் தானே முணுமுணுப்பதுபோல, அவர் காதில் விழும்படி வாசிப்பான். ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் பாய்லருக்குப் பின்னால் உட்கார வைத்து எழுத்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். முதலில் மூட்டைச் சீட்டு. பிறகு பெரிய எழுத்தில் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று, இயேசுவின் கதை.

"அண்ணே, முன்னாடியே சொல்லிடறேன். நான் சபைக்குப் போற ஆளு. ஆனா உங்கள இழுக்க மாட்டேன். இது எழுத்துக்கு மட்டும்தான்."

"இழுத்தாலும் நான் நகர மாட்டேன் தம்பி. கனம் ஜாஸ்தி."

ஐம்பத்து நாலு வயதில் எழுத்து சுலபத்தில் வருமா? 'ள'வும் 'ழ'வும் அவரைப் படாத பாடு படுத்தின. ஆனாலும் வந்தது. பஸ் பலகை, மருந்து அட்டை, கிழிந்த சுவரொட்டி எதையும் விடமாட்டார். நின்று வாசித்துவிட்டுத்தான் நகர்வார். மனைவி பத்தடி முன்னால் போய்த் திரும்பிப் பார்ப்பாள்.

ஒரு மழை நாளில் மின்சாரம் போய், பாதி விரிப்பு உள்ளேயும் பாதி வெளியேயுமாக உருளை நின்றுவிட்டது. இரண்டு பேரும் மூட்டை மேல் சாய்ந்தார்கள். ஜோடி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, கப்பல்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். கப்பல் பொய், கண் போன ஆள், ஏழு வருஷம், தான் போய்ப் பார்க்காதது. ஜோடிக்குக் கண் கலங்கியது. உங்கள் மகனுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டான். தாராளமாகச் செய், ஆனால் உன்னோடு இருக்கட்டும் என்றார் இவர்.

"நாங்க சத்தியம் பண்றதில்லண்ணே. ஆனா சொன்னா சொன்னதுதான். யார்கிட்டயும் போகாது."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் நன்றாகத் தூங்கினார்.

ஆறேழு மாதம் போயிற்று. அவன் ஒரு தடவைகூடச் சபைக்குக் கூப்பிடவில்லை. கடைசியில் இவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை உன் சபைக்கு வந்து பார்க்கிறேன் என்றார். கேட்டதும் அவன் முகம் மலர்ந்ததை இவர் நட்பு என்று எடுத்துக்கொண்டார். வாரம் முழுக்க ஊர் துணியை இஸ்திரி போடுகிற ஆளுக்கு ஞாயிற்றுக்கிழமை நான் சட்டை இஸ்திரி போட வேண்டியிருக்கிறது என்று மனைவி அலுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

டயர் கடைக்கு மேல் மாடியில் சபை. பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலு மின்விசிறி, நல்ல பாட்டு. ஆலையின் ஆபீஸ் அம்மாவும் அங்கே இருந்தார். இவரைப் பார்த்துக் கும்பிட்டார். ஒவ்வொருவராக வந்து கை கொடுத்தார்கள். கொடுத்த கையைச் சட்டென்று விடவில்லை. முன்பின் பார்த்திராதவர்கள் துக்க வீட்டில் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். இங்கே பழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனார்.

குழாய்க்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருந்தது. எழுத்தைக் கண்டால்தான் விடமாட்டாரே. வெ, ளி, யா, ள். வெளியாள். வெளியாள் பட்டியல். சபைக்கு இன்றைக்குத் தூக்க, இறக்க ஆள் வைத்திருக்கிறார்கள் போலும் என்று எண்ணி மேலே வாசித்தார். நாலாவது வரியில் ஜோடியின் பேர் இருந்தது. அதற்கு நேரே:

என் வெளியாள்: உடன் வேலை செய்பவர், 54. நட்பு – ஆயிற்று. எழுத்து கற்பித்தல் – நடக்கிறது. மனம் திறத்தல் – ஆயிற்று. மகன் சிறையில், ஜெபிக்கவும். சபைக்கு வருதல் –

அந்த இடத்தில் மட்டும் புது மையில் 'இன்று' என்று எழுதியிருந்தது.

தப்பாக வாசித்திருப்பேன் என்று எழுத்துக் கூட்டித் திரும்ப வாசித்தார். தப்பில்லை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தான்.

மாடிப்படியில் பாதி இறங்கியபோது ஜோடி பின்னால் ஓடி வந்தான். என்ன ஆயிற்று, உடம்பு சரியில்லையா என்றான்.

"வெளியாள்னா என்ன தம்பி?"

அவனுக்கு விளங்கிவிட்டது. அது தப்பான வார்த்தை இல்லை, இன்னும் உள்ளே வராதவர்கள் என்று அர்த்தம், வெளியே இருக்கிற எல்லாருக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்பது தங்களுக்குக் கட்டளை, அதனால் ஆளுக்கொருவரை எடுத்துக்கொண்டு ஜெபிக்கிறோம் என்று மூச்சு வாங்கச் சொன்னான். ஆலை வாசலில் ஒரு நாளும் நின்றிராதவனுக்கு அந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று எப்படித் தெரியும்?

"யார்கிட்டயும் போகாதுன்னு சொன்னியே."

"ஜெபத்துலதாண்ணே சொன்னேன். அது கடவுள்கிட்ட சொல்றது."

"அவருக்குத் தண்ணிக் குழாய்கிட்ட ஒட்டினாத்தான் தெரியுமா?"

கப்பல்காரர் கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்றே ஒன்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

"பட்டியல் இல்லேன்னா எனக்கு எழுத்து சொல்லிக் குடுத்திருப்பியா?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். கப்பல்காரர் அதை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். ஆனால் அவன் பொய் சொல்லாதவன்.

"ஆரம்பிச்சது அதுக்காகத்தாண்ணே. அப்புறம் எப்பவோ அது மறந்தே போச்சு. உங்க மேல சத்தியமா பாசம்தான்."

சத்தியம் பண்ணாதவன் சத்தியம் பண்ணுகிறான் என்பதை இவர் கவனித்தார்.

"மறந்து போனவன்தான் இன்னிக்குன்னு எழுதி வச்சியா," என்றார். படி இறங்கினார்.

திங்கட்கிழமை ஆபீஸ் அம்மா மடிப்பு மேஜை வரைக்கும் வந்தார். வந்தவர் நல்ல மனசோடுதான் வந்தார். மகனைப் பார்க்கப் போக லீவு வேண்டுமானால் கேளுங்கள், நான் சொல்லி வாங்கித் தருகிறேன் என்றார். பக்கத்தில் பாய்லர்காரர் நின்றிருந்தார். கப்பல் கரைக்கு வந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டார். ஆபீஸ் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

"கப்பல் இல்ல," என்றார் கப்பல்காரர். "ஜெயில்."

யாரும் அவர் பையைக் கொட்டவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் அன்று சாயங்காலம் பெட்டிகள் இருக்கும் பக்கமாக இரண்டு தடவை காரணமில்லாமல் நடந்து போனார். கப்பல்காரர் ஜோடியை மாற்றித் தரும்படி கேட்டார். காரணம் கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். புது ஜோடி பேச்சுக் குறைவான அம்மா. விரிப்பை மட்டுமே பார்ப்பார். அதுவே நிம்மதியாக இருந்தது. சின்னப் புத்தகத்தை ஒரு மூட்டைச் சீட்டில் சுற்றிப் பழைய ஜோடியின் பெட்டி மேல் வைத்துவிட்டார். தாளில் அந்த வரியை அடித்துவிட்டேன், சபையிலும் அழுது மன்னிப்புக் கேட்டேன் என்று அவன் வந்து சொன்னான். அதையும் அங்கே போய்ச் சொன்னாயா என்று மட்டும் இவர் கேட்டார்.

மூன்று வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் பாய்லர் பக்கம் போனார். அவன் பாய்லர்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தான். வெறும் டீதானா, பட்டியல் டீயா? இனிமேல் யார் கொடுக்கும் எதிலும் தனக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை என்று அவருக்குப் பட்டது. பாய்லர்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அவன் கெட்டவன் இல்ல. குடுத்தா வாங்கிக் குடி. வீட்டு விஷயத்த மட்டும் சொல்லாத."

பாய்லர்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நேத்தே சொல்லிட்டேனேப்பா. ஏன், என்ன?"

கப்பல்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். பல வருஷமாக அடைத்துக் கிடந்ததை இறக்கி வைத்த முகம். கொஞ்சம் இளமையாகக்கூட இருந்தது.

"ஒன்னுமில்ல," என்றார். "ஆறிடும், குடி."