வழியில் இல்லாத வீடு

வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸ்களில் யார் எந்த வீட்டுக்கு, எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போடுவது என் வேலை. ஒருத்திக்கு லீவு கொடுத்தால் மற்றவர்கள் என் தலையை உருட்டுவார்கள்.

எங்களிடம் ஒருத்திக்குப் 'புயல்' என்று பெயர். நான் வைத்ததுதான். அவள் உள்ளே வந்தால் நாற்காலிகள் இடம் மாறும். அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகி எங்களிடமே நோயாளியாகச் சேர்ந்தபோது, காலையில் குளிப்பாட்ட வேறொருத்தியைப் போட்டேன். சொந்தக் குடும்பத்து வீட்டுக்கு எந்த நர்ஸையும் வேலைக்கு அனுப்பக் கூடாது என்பது ஆபீஸ் சட்டம்.

"அக்கா, மத்தியான மாத்திரையை மட்டும் நான் குடுத்தாதான் அம்மா முழுங்குறாங்க. அந்தத் தெரு வழியா என்னை விடுங்களேன்."

"நீ அம்மா வீட்டுக்குப் போக நான் ரோடு போட்டுத் தரணுமா?" என்று எரிந்து விழுந்தேன். மறுநாளே அந்தத் தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு நோயாளி, அந்தப் பக்கம் ஒருவர் என்று அவளுக்கு அடுத்தடுத்துப் போட்டேன். சுற்று வழிதான். மேனேஜர் முகம் சுளித்தார். நான் கண்டுகொள்ளவில்லை. அவள் அப்பா மாத்திரையைப் பொடித்து, ஸ்பூனில் போட்டு, கதவைத் திறந்து வைத்திருப்பாராம். இவள் ஊட்டிவிட்ட கையோடு ஓடிவந்துவிடுவாள்.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் அம்மா போய்விட்டார்.

புயல் வேலைக்குத் திரும்பும் முன் அந்தத் தெருவை எடுத்துவிட்டு அவள் வழியை நேராக்கினேன். தினமும் அந்த வாசலைப் பார்த்து அவள் உடைந்துபோகக் கூடாதே என்றுதான். நல்ல காரியம் செய்ததாக என்னை நானே மெச்சிக்கொண்டேன் வேறு. அப்பாவைச் சாயங்காலம் போய்ப் பார்ப்பதாகச் சொன்னாள். நாற்காலிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

ஒரு மத்தியானம், நர்ஸ் இன்னும் வரவில்லை என்று ஒரு நோயாளி வீட்டில் சத்தம் போட்டார்கள். புயலுக்கு ஃபோன் போட்டேன்.

"எங்கடி இருக்கே?"

"அப்பா வீட்டுல, அக்கா. ரோட்டை வெட்டிப் போட்டிருந்தாங்க, பழைய வழியா வந்தேன். கதவு திறந்திருந்துச்சு." குரல் உடைந்தது. "மாத்திரையைப் பொடி பண்ணி ஸ்பூனோட உக்காந்திருக்காரு. தினமும் வெக்கிறாராம்."

"அம்மா போனது மறந்துபோச்சா அவருக்கு?"

"இல்லக்கா. நானும் அதைத்தான் கேட்டேன். 'அவ இல்லேன்னு தெரியும்மா. இதை வெச்சாதானே மத்தியானம் நீ வருவே'ங்கறாரு."

நோயாளி இருக்கும் வீடுதான் என் கணக்கில் வீடு. அந்த அம்மாவைப் பட்டியலிலிருந்து எடுத்தபோது வாசலில் காத்திருந்த மனுஷரையும் சேர்த்து எடுத்துவிட்டேன்.

"கொஞ்ச நேரம் அவர்கூடவே இரு. அடுத்த வீட்டுல நான் பேசிக்கிறேன்" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன். பிறகு வரைபடத்தைத் திறந்து, அவள் வழியைப் பழையபடி வளைத்தேன்.