ஆட்சேபணை இல்லை

மாலை ஆறு மணிக்குள் தன் அக்கா வீட்டு வாசலில் கார் நிற்க வேண்டும் என்று மனைவி சொல்லியிருந்தாள். எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் அங்கே போய் ஐம்பது நாள். வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்பதையும் அதே குரலில், சோப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

தொண்ணூறு கிலோமீட்டர். காரில் இருபத்திரண்டு சதவீதம் சார்ஜ். நான் குடியிருப்பது மூன்றாவது மாடி, கீழே பிளக் கிடையாது. நெடுஞ்சாலையில் இருந்த ஒரே சார்ஜரும் செத்துக் கிடந்தது. எங்கள் அரசு அலுவலகத்தில் ஊழியர்களுக்காக நான்கு சார்ஜர் வைத்து அன்றுதான் திறந்தார்கள். அதை நம்பித்தான் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பத்து மணிக்கு வாட்ச்மேன் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த சுற்றறிக்கையைக் காட்டினார். விதி மூன்று: ஊழியரின் சொந்தப் பெயரில் பதிவான வாகனத்துக்கு மட்டும்.

கார் மனைவியுடையது. சுற்றறிக்கை என்னுடையது. சைக்கிள் நிறுத்துமிடத்துக்கான பழைய உத்தரவை எடுத்து, சைக்கிளை அடித்துவிட்டு மின்வாகனம் என்று எழுதி, மற்றதை அப்படியே இறக்கியிருந்தேன். எங்கள் பிரிவில் யாரும் புதிதாக ஒரு வாக்கியம் எழுதுவதில்லை.

"நீங்க எழுதினதுதான சார். நான் படிக்க மட்டும்தான் செய்றேன்" என்றார் வாட்ச்மேன். இருந்தாலும் காலியாக இருந்த கடைசி இடத்தில் தன் நாற்காலியைப் போட்டு எனக்காகப் பிடித்துவைத்தார்.

கண்காணிப்பாளரிடம் போனேன். எந்தக் கோப்பு போனாலும் ஒரு கேள்வி போட்டுத் திருப்புவதால் அவருக்குக் கொக்கி என்று பெயர். காரின் உரிமையாளர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் விதிவிலக்கு தரலாம் என்றார்.

"வீட்டுலதான வாங்கப் போறீங்க? அஞ்சு நிமிஷ வேலை."

அவள் வீட்டில் இல்லை என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. படிக்கட்டில் மூன்று முறை ஏறி இறங்கினேன். தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன். போனை எடுப்பதும் பையில் போடுவதுமாகப் பதினொன்றரை ஆகிவிட்டது.

வரமாட்டேன் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறேன் என்று அவள் நினைத்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். பின்னால் குழந்தை அழுதது.

"அம்பது நாளா எனக்கு ஒரு வரி எழுதலை. இப்ப என்கிட்ட லெட்டர் கேக்குறீங்க. அதுவும் கரண்டுக்கு."

வைத்துவிட்டாள். கால் மணி நேரம் கழித்துப் போனில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாள், கீழே கையெழுத்து. 'என் காரை இவர் அலுவலகத்தில் சார்ஜ் செய்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் காரில் நான் ஏறுவேன் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது.'

அதை அச்செடுத்து நீட்டினேன். கொக்கி இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கேள்வி வரும் என்று நின்றேன். இரண்டாவது வரி மறையும்படி தாளை மடித்து நகல் எடுத்துக் கோப்பில் வைக்கச் சொன்னார். அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்குத்தான் செருக முடிந்தது. அரை மணிக்கொரு தரம் போய்ப் பார்த்தேன். பார்ப்பதால் வேகமாக ஏறப் போவதில்லை. நான்கு மணிக்கு அறுபது சதவீதம். வாட்ச்மேன் இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்றார். பிடுங்கிவிட்டுக் கிளம்பினேன். ஏ.சி. போடவில்லை.

ஐந்து ஐம்பத்தாறுக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்குள் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை இருந்தது, பெட்டி எதுவும் கண்ணில் படவில்லை. காரைத்தான் முதலில் பார்த்தாள்.

"எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"இருபது."

"அப்ப இன்னைக்குத் திரும்பிப் போக முடியாது."

முடியாது என்றேன்.

அவள் கேட்டைத் திறந்தாள். "தோட்டத்து பக்கம் ஒரு பிளக் இருக்கு. போட்டுட்டு உள்ள வாங்க. மத்ததைக் காலையில பேசிக்கலாம்."