மீன் சட்டியில் ஊறிய ரீல்

திண்டிவனத்தில் இன்ஜினீயர் துரை ஒருவரிடம் சமையல் வேலை பார்த்தவர் என் மச்சான் சவுரிராயன். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் தூண்டில் ரீலை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நூல் சுற்றுகிற சக்கரம், ஒரு கைப்பிடி, உள்ளே பல்சக்கரம். மூன்று மழைக்காலம் பரணில் கிடந்ததில் துருவேறி, அசைய மறுத்துவிட்டது.

நான் விழுப்புரம் ஜங்ஷனில் பார்சல் குமாஸ்தா. தினமும் இன்ஜினைப் பார்க்கிறவன் என்கிற ஒரே தகுதியில் வாயை விட்டேன்.

"எங்கிட்ட குடுங்க மச்சான். குருத்தோலை ஞாயித்துக்கு வாங்க, கிர்ருனு சுத்தும்."

"சுத்தலன்னா?"

"என் மீசைய எடுத்துடறேன்."

அந்த மீசையைத் தவிர என்னிடம் பார்க்கும்படியாக வேறொன்றும் கிடையாது.

ஞாயிற்றுக்கு நாலு நாள் முன்னால் மச்சானின் தங்கையான என் மனைவி லூர்துமேரி தாய்வீட்டுக்குப் போனாள். சண்டைக்கால ரேஷனில் வந்த கிருஷ்ணாயில் முழுவதையும் எடுத்தேன். எதில் ஊற்றுவது? மீன் பிடிக்கிற சாமானுக்கு மீன் சட்டிதானே பொருத்தம்! பதினோரு வருஷம் அவள் குழம்பு வைத்துப் பழக்கிய மண் சட்டி. மூன்று நாள் ஊறவைத்து, செங்கல் தூள் போட்டுத் தேய்த்தேன். சட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவி இருந்த இடத்திலேயே கவிழ்த்தேன்.

ஞாயிறன்று அண்ணனும் தங்கையும் சங்கரா மீனோடு வந்து இறங்கினார்கள். ரீலைச் சுற்றிக் காட்டினேன். கிர்ர்ர்!

"பரவால்லியே மாப்ள!" என்றார் மச்சான். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

குழம்பு வந்தது. முதல் வாயிலேயே மச்சானின் முகம் கோணியது.

"இன்னாடி மேரி, கொழம்புக்குள்ள அரிக்கன் லைட்டு எரியுதா? அம்மா கைப்பக்குவம் உனக்கு வரல போ."

அவள் ஒரு வாய் எடுத்துப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அண்ணே, நான் எப்பவும் போலத்தாண்ணே வெச்சேன்..."

சும்மா இருந்திருந்தால் என் ஜெயம் ஜெயமாகவே இருந்திருக்கும். அவள் கண்ணைப் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

"அவ மேல தப்பில்ல மச்சான். ரீல அந்தச் சட்டியிலதான் ஊற வெச்சேன்."

மச்சான் சிரித்த சிரிப்பில் புரையேறியது. "சரி வுடு, ரீல் சுத்துது. மாப்ள மீசை பொழச்சுது."

"யாரு சொன்னது?" என்றாள் லூர்துமேரி. "இன்னாங்க, சவரக் கத்தி எங்க வெச்சிக்கினு இருக்கீங்க?"

பந்தயத்தில் ஜெயித்து மீசையை இழந்த முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் மச்சானை ரயிலேற்றப் போனோம். ரீலைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்தார். பிளாட்பாரத்தில் ஒரு பூனை அவர் பின்னால் வந்தது. பிறகு இரண்டு. பார்சல் ஆபீஸைத் தாண்டுவதற்குள் ஏழு.

"சூ! இன்னாடா பேஜாரு இது!"

லூர்துமேரி துண்டை விலக்கி ரீலை மோந்து பார்த்தாள். கிருஷ்ணாயிலைச் சட்டி குடித்துவிட்டது. சட்டியின் வாசனையை ரீல் வாங்கிக்கொண்டிருக்கிறது.

"பாத்தியாண்ணே? பதினோரு வருசக் கொழம்பு! பூனைக்குத் தெரியுது, உனக்குத்தான் தெரியல!"

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். வெறும் மேலுதட்டைப் பார்த்தாள். ரயில் போன பிறகும் அவள் சிரிப்பு நிற்கவில்லை.