ஒரு சாணும் நாலு விரலும்

முதலில் விளக்குமாற்றை நீட்டினாள். பிறகுதான் காலை எடுத்து வைத்தாள். குழாய்த்தடம் முழுக்க இப்படித்தான் நடை. பின்னால் அவள் நாத்தனார், சிவப்புத்துணி கட்டிய குச்சியோடு வந்தாள்.

காலுக்குக் கீழே, வெகு ஆழத்தில், உப்புப் பாறையைத் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடைந்த அறைகள். காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது அதைக் கொண்டு தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து அங்கே அடைத்து வைப்பார்கள். காற்று விழுந்த நாளில் வெளியே எடுத்து மறுபடி மின்சாரமாக்குவார்கள். கசிந்தால் வாடை கிடையாது. பற்றிக்கொண்டால் பகலில் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் விளக்குமாறு.

"வீட்டுல இதத் தொடக்கூட மாட்டீங்க அண்ணி. இங்க என்னடான்னா புள்ளையாட்டம் ஏந்திக்கிட்டு வர்றீங்க."

"வாய மூடிட்டுக் காதத் தொறடி. உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதா பாரு."

எட்டாம் வால்வருகே ஈர்க்குகளின் நுனி சட்டென்று சிவந்து கருகியது. எதிரே வெறும் வெயில்தான். புறங்கையில் சூடு அறைந்தது. அவள் பின்னால் துள்ளினாள். நாத்தனார் குச்சியை ஊன்றி விசிலடித்தாள்.

பொறியாளர் பெட்டியோடு வந்தார். சூட்டைக் காட்டும் கேமராவை எடுத்து, தள்ளி நின்று படம் பிடித்தார். பிறகு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி வால்வை மூட வைத்தார்.

"நல்லவேள, கேமராவுல தெளிவா விழுந்துருக்கு," என்றார்.

அவள் கருகிய விளக்குமாற்றைக் காட்டினாள். "எரிய எரிய வெட்டி வெட்டி இவ்ளோதான் மிஞ்சியிருக்கு சார். இந்தக் கைய நம்பித்தான் எங்க வீடு. அந்தக் கேமராவக் குடுங்க. இல்லன்னா நீளமா ஒரு வெளக்கமாறாவது குடுங்க."

"கேமரா கீழ விழுந்தா யாரும்மா பதில் சொல்றது? வெளக்கமாறு அடுத்த மாசம் ஸ்டோருக்கு வரும். இன்னும் நாலு வால்வு பாக்கியிருக்கு, பாத்துடுங்க."

"அதுவரைக்கும் எங்கண்ணி வெரல நீட்டட்டுமா?" என்று நாத்தனார் முணுமுணுத்தாள். அது அவர் காதில் விழவில்லை. கேமராவின் கண்ணாடியை மெத்தென்ற துணியால் துடைத்து, பஞ்சு வைத்த பெட்டிக்குள் படுக்க வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்.

அவள் கீழே உட்கார்ந்து கருகிய நுனியைக் கத்தியால் சீவி எறிந்தாள். மிஞ்சியதைக் கையால் அளந்து பார்த்தாள். ஒரு சாணும் நாலு விரலும் இருந்தது.

வலது புறங்கை கொப்பளிக்கத் தொடங்கியிருந்தது. விளக்குமாற்றை இடது கைக்கு மாற்றினாள். தோள் இழுபடும்வரை கையை முன்னால் நீட்டிக்கொண்டு, ஒன்பதாம் வால்வை நோக்கி நடந்தாள்.