எக்ஸ் வந்தால் அமுக்கக் கூடாது

எட்டு வயது சிம்ராவுக்குக் கவனச் சோதனை செய்து சான்றிதழ் கொண்டுவராவிட்டால் டி.சி.தான் என்று பள்ளியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். "திமிர் புடிச்ச பொண்ணு" என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேராகவே சொன்னார். 1997 ஜூலையில், அந்தக் கொதிப்பு அடங்காமலேயே ஜஹீதா மகளை இழுத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து அடையாற்றிலிருந்த ஒரு கிளினிக்குக்கு வந்தாள்.

அங்கே சோதனை நடத்துபவள் ஹம்சா. கம்ப்யூட்டர் திரையில் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். எது வந்தாலும் சிம்ரா பட்டனை அமுக்க வேண்டும். எக்ஸ் வந்தால் மட்டும் அமுக்கக் கூடாது. பதினான்கு நிமிடம். பின்னால் உட்கார்ந்த ஜஹீதா வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு.

பாதியில் மேசைமேல் போன் அடித்தது. ஹம்சா எடுத்து, யாருக்கோ பார்க்கும் கல்யாண மண்டபத்தைப் பற்றிச் சத்தமாகப் பேசினாள். சிம்ரா திரும்பிப் பார்த்தாள்.

கடைசியில் பிரிண்டர் கரகரவென்று தாளைத் தள்ளியது.

"ரொம்ப மோசம்" என்றாள் ஹம்சா.

"நீங்க மண்டபம் பேசினா புள்ள எங்க பாக்கும்? அத இதுல எழுதியிருக்கா?" ஜஹீதா தாளைப் பிடுங்கிக் கிழித்தாள்.

"வெளிய போங்க!"

"போறேன். மொதல்ல பெரிய டாக்டர் ரூமுக்குத்தான் போவேன்."

ஹம்சா பல்லைக் கடித்தாள். "வெள்ளிக்கிழமை வாங்க. மறுபடி வைக்கறேன்."

வெள்ளிக்கிழமை போன் ஒயரையே பிடுங்கி வைத்திருந்தாள். முடிவு முன்னைவிட மோசமாக வந்தது.

"இன்னிக்கு என்ன குத்தம் சொல்லப் போறீங்க?"

ஜஹீதாவுக்கு முகம் எரிந்தது. மகள் பக்கம் கையை ஓங்கினாள். "எக்ஸ் தெரியாதாடி உனக்கு?"

"தெரியும் அம்மி. வேணாம் வேணாம்னு மனசுல சொல்லிக்கினேதான் இருந்தேன். அதுக்குள்ள விரலு அமுக்கிடுது."

ஓங்கிய கை அப்படியே நின்றது. மகளின் அந்த விரல்களில்தான் இரண்டு வருடமாக அவள் ஸ்கேலால் அடித்து வந்தாள்.

"இவ சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க" என்றாள். ஹம்சா சான்றிதழில் அதை எழுதிக் கொடுத்தாள். நன்றி சொல்ல ஜஹீதாவுக்கு மனம் வரவில்லை.

சான்றிதழை முழுக்கப் படிக்காமலே தலைமையாசிரியை டி.சி.யை நீட்டினார். ஜஹீதா கெஞ்சவில்லை. ராயப்பேட்டையில் வேறு பள்ளியில் மகளைச் சேர்த்தாள். அங்கேயும் முதல் மாதமே புகார் வந்தது. ஜஹீதா புர்காவை மாட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினாள்.